உணர்வைப் பிரித்தறியும் நிரல்: தோட்டப்புற ஊரில் அதைப் பொறுப்போடு கட்டும் வழிமுறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் நாங்கள் சிலர் நடத்தும் சேவை மேசைக்குச் செய்திகள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். நம் பத்திரிகைகள் புலனம் என்று எழுதுகின்றனவே, அதில்தான். தொலைந்த மைகாட் அடையாள அட்டை, பெர்கேசோ சமூகப் பாதுகாப்புப் பாரம், சேமநிதியில் விடுபட்ட மாதம், தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லி வந்த கடிதம். இவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒரு குரல், "இனிமேல் யாரையும் தொந்தரவு செய்ய மாட்டேன்" என்று சொல்லி நின்றுவிடும். மாலையில் இரண்டு தன்னார்வலர்கள் வரிசைப்படி கேட்டுக்கொண்டு வந்தால், அந்தக் குரலை எட்டுவதற்குள் இரவாகிவிடும். அதை மேலே கொண்டுவர ஒரு நிரல் கட்டினோம். பிறகு அதையே கற்றுக்கொள்ள வந்த மாணவர்கள் ஒருவர் விடாமல் ஒரே இடங்களில் இடறியதைப் பார்த்தேன். பெரும்பாலான இடறல்கள் கணிதத்தில் நேர்ந்தவை அல்ல; படிகளை முன்பின்னாக வைத்ததால் நேர்ந்தவை. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஆள், மடிக்கணினி கடைசி. செய்தி அனுப்பியவரைத் திரும்ப அழைத்துப் பேசக்கூடிய இருவர் வேண்டும். நிரல் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காகச் செய்திகளைப் படித்து, இன்ன வகை என்று குறியிட மூவர் வேண்டும். அந்த மூவரில் ஒருவராவது பால்மரம் வெட்டியோ செம்பனைக் காட்டில் உழைத்தோ பழகிய, ஐம்பது வயதைக் கடந்த பெண்ணாக இருக்கட்டும். ஏன் என்பது ஏழாவது படியில் தெரியும்.

அடுத்து, சுவரில் ஒட்ட ஒரு தாள். அவசர உதவிக்கு 999, வீட்டு வன்முறைக்கும் குழந்தைகள் துன்புறுத்தலுக்கும் தாலியான் காசே 15999, மனநல உதவிக்கு சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555, பெஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. நிரல் எழுதப்படாவிட்டாலும் இந்தத் தாள் பயன்படும்.

எட்டு ஜிகாபைட் நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி போதும். கேமரா வேண்டாம். முகத்தைப் பார்த்து உள்ளத்தைச் சொல்லலாம் என்ற எண்ணத்தோடு வருகிறவர்கள் உண்டு. லிசா ஃபெல்ட்மேன் பாரெட்டும் நான்கு ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு, முக அசைவை மட்டும் வைத்து உணர்வை நம்பகமாக ஊகிக்க முடியாது என்று காட்டியது. மைக்ரோசாஃப்ட் 2022-இல் தன் முக ஆய்வுச் சேவையிலிருந்து உணர்வை ஊகிக்கும் வசதியை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய நிறுவனம் பின்வாங்கிய இடத்தில் நாம் போய் நிற்க வேண்டியதில்லை.

2. "யார் அழைப்பார்?" என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து மூன்று கட்டங்கள் போடுங்கள்: இன்றே அழைக்க வேண்டியவை, இரண்டு நாளுக்குள் அழைக்க வேண்டியவை, வரிசைப்படி பார்க்க வேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆளின் பெயரும் அவர் வர முடியாத நாளில் மாற்று ஆளின் பெயரும் இருக்க வேண்டும்.

மாணவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பார்கள். "முதலில் சோகத்தைக் கண்டுபிடிப்போம் அண்ணா, பிறகு என்ன செய்வது என்று பார்க்கலாம்" என்பார்கள். ஒருவருடைய துயரத்தைக் கண்டுபிடித்துவிட்டுச் சும்மா இருப்பது, கண்டுபிடிக்காமல் இருப்பதைவிட மோசம். தொழில்நுட்பக் காரணமும் உண்டு. மூன்று கட்டங்கள்தான் தேவை என்று தெரிந்துவிட்டால், இருபது உணர்வுகளைப் பிரித்துக் காட்டும் நிரல் தேவையில்லை. வேலை பாதியாகக் குறையும். கட்டத்துக்கு எதிரே எழுதப் பெயர் கிடைக்கவில்லையென்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

3. செய்ய மாட்டோம் என்பதை எழுதி ஒட்டுங்கள்

எங்கள் தாளில் நான்கு வரிகள் இருந்தன. முகத்தைப் படம் பிடிக்க மாட்டோம். செய்திக்கு மட்டுமே குறி, ஆளுக்கு மதிப்பெண் போட மாட்டோம். முதலாளிக்கோ பள்ளிக்கோ கட்சிக்கோ எதையும் கொடுக்க மாட்டோம், தொகுத்த கணக்கைக்கூட. நிரல் தானாக யாருக்கும் பதில் அனுப்பாது.

மூன்றாவது வரி சோதனைக் காலத்திலேயே கைகொடுத்தது. ஒரு தோட்ட நிர்வாகத்தைச் சேர்ந்தவர் தேநீர் குடிக்க வந்தவர்போல வந்து உட்கார்ந்து, "எந்தப் பிரிவில் கோபம் அதிகமாகத் தெரிகிறது?" என்று கேட்டார். பெயர் கேட்கவில்லை, பிரிவு மட்டும்தான். ஆனால் பத்துக் குடும்பங்கள் உள்ள பிரிவில், பிரிவைச் சொன்னால் ஆளைச் சொன்னதுபோல. சுவரில் இருந்த தாளைக் காட்டினோம். எழுதி ஒட்டியிருக்காவிட்டால் எங்களில் ஒருவர் மரியாதைக்காக ஏதாவது சொல்லியிருப்பார்.

வேலையிடத்திலும் கல்வி நிலையத்திலும் முகம், குரல் போன்ற உடற்கூறுகளிலிருந்து உணர்வை ஊகிக்கும் நிரல்களை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் தடைக்கான காரணம் தோட்டத்துக்கு அப்படியே பொருந்தும்: சம்பளம் கொடுப்பவர் கையில் உணர்வுப் பட்டியல் போனால், வேண்டாம் என்று மறுக்கும் உரிமை தொழிலாளிக்குப் பெயரளவில்தான் இருக்கும்.

4. சம்மதத்தைக் குரலில் கேளுங்கள்

நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. தன்னார்வ மேசைக்குப் பொருந்தாது என்று வாதாடலாம், வாதாடாதீர்கள். உடல்நலம், மனநலம் பற்றிய தகவலைக் கூர்உணர் தரவாகக் கருதி வெளிப்படையான சம்மதத்தை அது கேட்கிறது. 2024-இல் வந்த திருத்தம், உடல், நடத்தைக் கூறுகளைத் தொழில்நுட்பத்தால் பகுத்துப் பெறும் தரவையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. குரலை அலசப் போகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

அச்சடித்த பாரம் இங்கே வேலை செய்யாது. கையெழுத்து என்றாலே பழைய கடன் பத்திரம் ஞாபகம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அரை நிமிடக் குரல் பதிவு ஒன்றைத் தமிழில் செய்து அனுப்புங்கள்: செய்தியை யார் கேட்பார், நிரல் என்ன செய்யும், எத்தனை நாளில் அழிப்போம், வேண்டாம் என்றால் என்ன சொல்ல வேண்டும். "வேண்டாம்" என்ற ஒரே சொல் போதும் என்று வையுங்கள். வேண்டாம் என்றவருடைய செய்தியை ஆளே கேட்கட்டும், உதவி குறையக்கூடாது.

இங்கே ஒரு பொறி உண்டு. பல வீடுகளில் ஒரே கைப்பேசிதான். மகன் எண்ணிலிருந்து அம்மா பேசுவார், மறுநாள் அதே எண்ணிலிருந்து பாட்டி. எண்ணுக்கு ஒரு சம்மதம் என்று கணக்கு வைத்தால் மூவரில் இருவரைக் கேட்கவே இல்லை என்று பொருள். பேசும் ஆளுக்கு ஒரு சம்மதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப அழைக்கும்போதும் எடுத்தவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடாமல் "சேவை மேசையிலிருந்து பேசுகிறோம்" என்பதோடு நிறுத்துங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் செய்தியை, நிரலுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சித் தரவில் சேர்க்கவே வேண்டாம்.

5. பெயரை நீக்கினால் மட்டும் போதாது

மைகாட் எண்ணில் பன்னிரண்டு இலக்கங்களையும் மறையுங்கள். கடைசி நான்கை மட்டும் மறைத்துவிட்டு நிம்மதியாக இருந்த மாணவர் ஒருவரைப் பார்த்தேன். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். பேராக்கில் பிறந்தவருக்கு 08. சிற்றூரில் இவ்வளவு போதும், ஆள் யார் என்று கடைக்காரரே சொல்லிவிடுவார்.

"கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு", "பழைய மண்டோர் (மேற்பார்வையாளர்) மருமகள்" போன்றவையும் பெயர்கள்தான். கணினி இவற்றைப் பிடிக்காது. ஆள்தான் படித்து நீக்க வேண்டும். குரல் பதிவுகளை முதல் சில நூறு வரை கையாலேயே எழுத்தாக்குங்கள். விஸ்பர் போன்ற நிரல்கள் தமிழையும் மலாயையும் தனித்தனியே ஓரளவு எழுதும். இரண்டும் ஒரே வாக்கியத்தில் கலந்து, பின்னால் கோழியும் மோட்டார் சைக்கிளும் கத்தும்போது தடுமாறும். எழுத்தாக்கும்போது நீண்ட மௌனம், விம்மல், சிரிப்பு ஆகியவற்றை அடைப்புக்குறிக்குள் குறித்துவிட்டு, ஒலிக்கோப்பை அழித்துவிடுங்கள்.

குரலின் ஏற்ற இறக்கத்தையே நேரடியாக அலசலாமே என்று கேட்பார்கள். மரவரிசைக்கு மரவரிசை குரல் கொடுத்துப் பழகியவர் நலம் விசாரித்தாலே உரக்கத்தான் விசாரிப்பார். நிரல் அதைக் கோபம் என்று குறிக்கும்.

6. குறிகளை வகுப்பது

இந்தப் படிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். மற்ற எதைக் காட்டிலும் இங்கேதான் நிரலின் தலையெழுத்து தீர்மானமாகிறது.

புதியவர்கள் மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், வெறுப்பு, வியப்பு என்று ஆறு பெட்டிகளோடு வருவார்கள். கூகுள் 2020-இல் வெளியிட்ட கோஇமோஷன்ஸ் தொகுப்பில் 27 உணர்வுகளும் நடுநிலை என்ற ஒன்றும் இருக்கின்றன. அதை அப்படியே தமிழாக்கிக்கொண்டு வந்தவரும் உண்டு. அது ரெடிட் தளத்தில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட 58,000 குறிப்புகளிலிருந்து வந்தது. லயத்து வீட்டிலிருந்து வரும் செய்தி அந்தப் பெட்டிகளில் உட்காராது.

எனக்கு உதவியது நம் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்வதோடு அது நிற்பதில்லை. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களையும் சொல்கிறது. அழுகைக்கு இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்தல்), வறுமை. நமக்கு வேண்டியது இந்தக் காரணம்தான். இழவால் அழுகிறவருக்கு ஓர் ஆள் வேண்டும். வறுமையால் அழுகிறவருக்கு இந்த வாரமே அரிசியும் மின்கட்டணமும் வேண்டும். இரண்டையும் "சோகம்" என்ற ஒரே பெட்டியில் போட்டால் யாரை எங்கே அனுப்புவது?

எட்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தாளில் ஒவ்வொரு செய்திக்கும் மூன்று கேள்விகள் இருந்தன. முதலாவது, உணர்வைப் பேசியவரே சொன்னாரா, நாம் ஊகித்தோமா? இரண்டாவது, எதனால்? மூன்றாவது, எந்தக் கட்டம்? எல்லாக் கேள்விக்கும் "தெரியவில்லை" என்ற விடை உண்டு. அந்த விடை இல்லாத தாளில் குறியிடுபவர் ஏதாவது ஒன்றை நிரப்பிவிடுவார்; நிரல் அந்த ஊகத்தை உண்மையென்று படிக்கும்.

முதல் கேள்வியைச் சிலர் வீண் என்றார்கள். ஆறு மாதம் கழித்துத் தவறுகளைப் புரட்டியபோது, பெரும்பாலானவை நாம் ஊகித்த செய்திகளில்தான் இருந்தன. எங்கே நிரலை நம்பக்கூடாது என்று அந்த ஒரு கேள்விதான் காட்டிக்கொடுத்தது.

7. மூவர் தனித்தனியே குறியிட வேண்டும்

ஒரே மேசையில் பேசிக்கொண்டே குறியிட்டால், படித்தவர் சொல்வதற்கு மற்ற இருவரும் தலையாட்டுவார்கள். தனித்தனி நாளில், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் செய்யுங்கள்.

"பரவாயில்லை தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு செய்தி. பாலிடெக்னிக் மாணவர் அதை வரிசைப்படி பார்க்க வேண்டியவற்றில் வைத்தார். முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிய அக்கா, இன்றே அழைக்க வேண்டியதில் வைத்தார். "மூன்று முறை கேட்டவர் நான்காவது முறை பரவாயில்லை என்கிறார் என்றால் விட்டுவிட்டார் என்று பொருள்" என்றார். அழைத்துப் பார்த்தோம், அக்கா சொன்னதுதான். இதிலிருந்து ஒரு விதி பிறந்தது: குறியிடுபவருக்கு அதே ஆளின் முந்தைய மூன்று செய்திகளையும் காட்ட வேண்டும். "சரி" என்பதும் "சரி லா" என்பதும் நம் ஊரில் ஒன்றல்ல என்பதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளக்க கிரிப்பெண்டார்ஃப் ஆல்ஃபா என்ற அளவைப் பயன்படுத்துங்கள். மூவருக்கும் விடுபட்ட விடைகளுக்கும் அது ஒத்துவரும். 0.8-க்கு மேல் நல்லது, 0.667-க்குக் கீழே போனால் ஆட்களைத் திட்டாமல் விளக்கத் தாளைத் திருத்துங்கள். ஒத்துப்போகாத செய்திகளைத் தூக்கி எறிய வேண்டாம். மூன்று விடைகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, யாராவது ஒருவர் "இன்றே" என்றாலும் அதை "இன்றே" என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

8. பயிற்சி

இது எளிய படி. மாணவர்கள் இங்கேதான் அதிக நேரம் செலவிட ஆசைப்படுவார்கள்.

பைத்தான் நிரல்மொழியில் சைகிட்-லேர்ன் என்ற இயந்திரக் கற்றல் நூலகம் போதும். அதன் இயல்பான சொல் பிரிப்பு முறை தமிழை வெட்டிக் குதறிவிடும். புள்ளியையும் கால், கொம்பு போன்ற குறிகளையும் அது எழுத்தாகக் கருதுவதில்லை. ஆகவே சொல் நடுவிலேயே துண்டாகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது, மதிப்பெண் மட்டும் காரணம் தெரியாமல் குறைவாக இருக்கும். மாற்றாக, இடைவெளிகளுக்குள் மூன்று முதல் ஐந்து குறியீடுகள் கொண்ட துணுக்குகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒருவர் ஒரு சொல்லை ஐந்து விதமாக எழுதினாலும் துணுக்குகள் ஓரளவு ஒத்துப்போகும். அதற்கு முன் யூனிகோட் வடிவத்தை ஒரே முறைக்குச் சீராக்குங்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் "கொ" கணினிக்குள் இரண்டு விதமாக இருக்கலாம்.

இது போதவில்லை என்றால் பல மொழிகளில் ஏற்கெனவே பயிற்றுவிக்கப்பட்ட எக்ஸ்எல்எம்-ரோபர்ட்டா அல்லது மியூரில் என்ற மொழி மாதிரிக்குப் போகலாம். முன்னதற்குத் தமிழும் மலாயும் தெரியும். பின்னது இந்திய மொழிகளுக்கானது. ரோமன் எழுத்தில் எழுதிய தமிழை நன்றாகத் தாங்கும். எதுவானாலும் இறக்கிக்கொண்டு சொந்தக் கணினியிலேயே ஓட்டுங்கள். செய்திகளை வெளிச்சேவைக்கு அனுப்பினால் நான்காம் படியில் கொடுத்த வாக்கு போயிற்று.

தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது செய்தி வாரியாகப் பிரிக்காதீர்கள். ஆள் வாரியாகப் பிரியுங்கள். ஒரே ஆளின் செய்திகள் இரு பக்கமும் இருந்தால் நிரல் அவருடைய பேச்சு வழக்கை மனப்பாடம் செய்துவிட்டுச் சோதனையில் கெட்டிக்காரனாக நடிக்கும்.

9. எதை அளப்பது

நூறு செய்திகளில் நான்கு அவசரம் என்று வையுங்கள். "எதுவுமே அவசரமில்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நிரலுக்கு 96 விழுக்காடு சரி! இந்த எண்ணைக் காட்டி மகிழ்ந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் ஒரு மாலை மகிழ்ந்திருக்கிறேன். கேட்க வேண்டிய கேள்வி, அந்த நான்கில் எத்தனையைப் பிடித்தது என்பதே. நான்கையும் பிடிக்க இருபதை மேலே தூக்குகிறது என்றால் பரவாயில்லை. இருபதைக் கேட்க இருவருக்கு ஒரு மணி நேரம் போதும்.

பிறகு குழுவாரியாகப் பாருங்கள்: ஆண், பெண், முதியவர், இளையவர், தமிழ் எழுத்து, ரோமன் எழுத்து, குரல், தட்டச்சு. மொத்த எண் நன்றாக இருந்து, முதியவரின் குரல் பதிவுகளில் மட்டும் பாதியைத் தவறவிட்டால் அந்த நிரலை வெளியே விடக்கூடாது. உயிர் ஆபத்தைச் சுட்டும் சொற்களுக்குத் தனிப் பட்டியல் வைத்து, நிரல் என்ன சொன்னாலும் அவை நேராக மேலே வரும்படி செய்யுங்கள். அந்தப் பட்டியலை அக்கா போன்றவர்களிடம் கேட்டு எழுதுங்கள், அகராதியில் கிடைக்காது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் அழைப்பவர்களுக்குச் சொல்லிவையுங்கள். போலீசுக்குப் பயந்து வாய் திறக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

10. திரையில் என்ன தெரிய வேண்டும்

"சோகம் 87%" என்று காட்டாதீர்கள். எண்ணைப் பார்த்தவுடன் தன்னார்வலர் செய்தியைக் கேட்பதை விட்டுவிடுவார். கட்டத்தின் நிறமும் நிரலை அப்படிச் சொல்லவைத்த சில சொற்களும் போதும். அருகில் "இது தவறு" என்று ஒரு பொத்தான். அழைப்பவர், "நீங்கள் சோகமாக இருப்பதாகக் கணினி சொல்கிறது" என்று ஒருபோதும் தொடங்கக்கூடாது. "செய்தி கேட்டேன் அம்மா, சாப்பிட்டீர்களா?" போதும்.

11. நான்கு வாரம் ஊமையாக ஓடட்டும்

நிரல் பின்னால் ஓடட்டும். ஆட்கள் அதன் முடிவைப் பார்க்காமல் எல்லாச் செய்திகளையும் வழக்கம்போல் கேட்கட்டும். வார இறுதியில் இரண்டையும் ஒப்பிடுங்கள். எங்கள் ஒப்பீட்டில் பிடிபட்டது "மழை". பெய்தால் பால் வெட்ட முடியாது, நாள் கூலி போகும். ஆகவே பயிற்சித் தரவில் மழை வந்த இடமெல்லாம் துயரமாகவே இருந்தது. "மழையாக இருக்கிறது, நாளைக்கு வருகிறேன்" என்ற சாதாரணச் செய்தியை நிரல் மேலே தூக்கியது. மழை வரும் சாதாரணச் செய்திகளைத் தேடி எடுத்துச் சேர்த்துத் திரும்பப் பயிற்றுவித்தோம்.

நேரடிப் பயன்பாட்டுக்கு வந்த பிறகும், கடைசிக் கட்டத்திலிருந்து தினமும் ஐந்து செய்திகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து உடனே கேளுங்கள். நிரல் தவறவிட்டவை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

12. பருவம் மாறும்போதும் அழிக்கும் நாளிலும்

ரப்பர் மரம் இலையுதிர்க்கும் மாதங்கள், பள்ளி திறக்கும் வாரம், தீபாவளிக்கு முந்தைய இரு வாரங்கள்: செய்திகளின் போக்கு மாறும். இந்தக் காலங்களுக்குப் பிறகு ஒன்பதாம் படியைத் திரும்பச் செய்யுங்கள். பிடிக்கும் அளவு குறைந்திருந்தால் நிரலை நிறுத்திவிட்டுப் பழையபடி வரிசையாகக் கேளுங்கள். நிறுத்தும் அதிகாரம் அழைப்பவர்களிடம் இருக்கட்டும், நிரல் எழுதியவரிடம் வேண்டாம்.

அழிக்கும் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மூலச் செய்தி, எழுத்தாக்கிய கோப்பு, எக்செல் பிரதி, யாரோ ஒருவர் பென்டிரைவில் வைத்திருக்கும் பிரதி என நான்கையும் தேடுங்கள். எங்களிடம் நான்காவது, ஒரு மாணவரின் பையில், துவைத்த சட்டையோடு கிடைத்தது.